அங்குலம் சார் பார்த்த நான்கு மியூசியங்கள்

அலுவலகத்தில் அவருக்கு அங்குலம் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டடங்களைச் சோதித்துத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிற ஆய்வாளர் அவர். வெளியேறும் கதவு முப்பத்தாறு அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னால், முப்பத்தைந்தரைக்கு அவர் பேனா இறங்காது. "அரை அங்குலந்தானே சார்" என்று யாராவது இழுத்தால், "அந்த அரை அங்குலத்துலதான் ஆள் மாட்டிக்குவான்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

பேச மாட்டார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தியேட்டர் முதலாளி தேனொழுகப் பேசி, அவரைப் பின்கதவுப் பக்கமே திரும்ப விடாமல் கையெழுத்து வாங்கிவிட்டார். பின்கதவில் பூட்டு தொங்கியது மறுவாரம்தான் தெரிந்தது. நல்ல காலம், எதுவும் நடப்பதற்குள் பூட்டை எடுக்க வைத்தார்கள், சான்றிதழும் பிழைத்தது. ஆனாலும் அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு மூன்றே வேலைதான்: பார்ப்பது, அளப்பது, எழுதுவது. நடுவில் யாராவது வாயைத் திறந்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார், பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்துகிற காவலர் மாதிரி. இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கை எத்தனையோ மேலாளர்களையும் முதலாளிகளையும் பாதி வார்த்தையில் நிறுத்தியிருக்கிறது. அவர் எழுதிய சான்றிதழ் ஒன்றுகூட ரத்தானதில்லை, ஓர் அடித்தல் திருத்தல்கூடக் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு விழுந்தது நான்கு மியூசியங்கள். ஊரின் நடுவே தூண் வைத்துக் கட்டிய பெரிய மியூசியம் அல்ல. சந்துக்குள்ளும் மாடியிலும் ஒளிந்துகொண்டிருக்கிற சின்ன மியூசியங்கள். பாதிப்பேருக்கு இவை இருப்பதே தெரியாது. அங்குலத்துக்கும் கோப்பு வந்த பிறகுதான் தெரியும்.

முதலாவது கடிகாரம். ஒரு பழைய மரவீடு, நான்கு அறை, முந்நூற்றுப் பதினெட்டு கடிகாரம். வைத்திருந்தவர் ஒல்லியாக, எதையோ தவறவிட்டவர் போன்ற முகத்தோடு கூடவே நடந்தார். "சார், இது பாருங்க, இதுக்கு ஒரே முள்ளுதான், ஏன்னா அந்தக் காலத்துல நிமிஷத்தை யாரும்..." என்று ஆரம்பித்தார். கை உயர்ந்தது. கடிகாரக்காரர் வாயை மூடிக்கொண்டார். தீயணைப்புச் சிலிண்டர் இரண்டு வைத்தால் போதுமான வீட்டில் மனிதர் நான்கு வைத்திருந்தார். அங்குலம் ஒவ்வொன்றின் கழுத்திலும் தொங்கிய அட்டையைத் திருப்பி, நிரப்பிய தேதியைப் பார்த்து, 'நான்கு, நல்ல நிலை' என்று எழுதினார்.

இரண்டாவது பொத்தான். ஒரு தையல் கல்லூரியின் பின்கட்டில் சுவர் முழுக்க இழுப்பறைகள். எலும்பில், சிப்பியில், மரத்தில், பித்தளையில் பொத்தான். அங்கிருந்த அம்மாளை எல்லோரும் பொத்தான் மேடம் என்றார்கள். "உக்காருங்க சார், ஒரு இழுப்பறையாவது திறந்து..." கை. மூன்று வேண்டிய இடத்தில் ஐந்து சிலிண்டர், நல்ல நிலை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த வாரம் வந்தவர்கள் மூன்று பேர். பொத்தானைப் பார்க்க எவன் பஸ் பிடித்து வருவான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது, ஊருக்குத் தண்ணீர் ஏற்றிய பழைய பம்ப் நிலையம். இரண்டு வேண்டும், இரண்டு இருந்தது. சிக்கல் ஒன்றுமில்லை.

நான்காவதுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு நாற்பது. பழைய தீயணைப்பு நிலையத்தையே மியூசியமாக்கியிருந்தார்கள். கீழே வண்டி நிற்கிற கூடம், பக்கத்தில் ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால். நடுவில் சிவப்பு வண்டி முகம் தெரிகிற பளபளப்போடு நின்றது. பொறுப்பில் இருந்தவர் அதே வண்டியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர். அகலமான தோள், கட்டையான குரல். டிரைவரக்கா என்றால்தான் அந்தத் தெருவுக்குத் தெரியும். அங்குலம் உள்ளே கால் வைத்ததுமே, "சார், வாங்க, உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன், அந்த சிலிண்டர் விஷயமா..." என்று வந்தார்.

கை உயர்ந்தது.

"இல்ல சார், ஒரே ஒரு நிமிஷம்..."

கை இறங்கவில்லை. டிரைவரக்கா ஒரு பெருமூச்சு விட்டு ஒதுங்கி நின்றார்.

கூடத்தில் இரண்டு, ஹாலில் இரண்டு, படிக்கட்டடியில் ஒன்று, மாடியில் ஒன்று. விதி கேட்கிற அதே ஆறு, அதே இடம், அதே உயரம். பித்தளை வளையம் மின்னியது, பாதுகாப்புப் பின் செருகியிருந்தது, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது. அட்டையைத் திருப்பக் கை போனது. தீயணைப்புக்காரர்களின் வீட்டிலேயே தீயணைப்புச் சிலிண்டரைச் சந்தேகப்படுவதா என்று தோன்றியது. ஐந்து மணி பஸ்ஸும் ஞாபகத்துக்கு வந்தது. போன கை திரும்பி வந்துவிட்டது. 'ஆறு, நல்ல நிலை' என்று எழுதி, சான்றிதழைக் கிழித்து நீட்டிவிட்டுக் கிளம்பினார். டிரைவரக்கா அந்தக் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பியிருந்தார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நாளை காலை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு மியூசியம் போகிறார். எந்த மியூசியம் என்பதில் மூன்று மாதமாகத் தலைமை ஆசிரியையோடு மல்லுக்கு நின்று நேற்றுத்தான் ஜெயித்திருந்தார்.

"இன்னிக்கு எத்தனை கதவு அளந்தீங்க?"

"நாலு மியூசியம். எல்லாம் தண்டம். ஊருக்கு ஒரு பெரிய மியூசியம் போதாதா? பொத்தானுக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணு."

"பெரிய மியூசியத்துக்குப் போன வருஷம் கூட்டிட்டுப் போனேனே. தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே. கால் வலிச்சதுதான் மிச்சம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னா முப்பத்தெட்டுப் பேர் கேன்டீனைப் பத்தி எழுதியிருக்காங்க. சின்ன இடத்துல பொருள் கொஞ்சம், ஆனா அதைப் பத்திச் சொல்ல ஒரு ஆள் நேரத்தோட உக்காந்திருப்பாங்க. பிள்ளைங்களுக்கு அதாங்க வேணும்."

"எங்க போறீங்க நாளைக்கு?"

"சொன்னேனே, காதுல விழுந்தாத்தானே. பழைய ஃபயர் ஸ்டேஷன். இந்தாங்க, கேள்வித்தாள்கூட அவங்களே கொடுத்துட்டாங்க. நாற்பத்திரண்டு இருக்கான்னு எண்ணுங்க. எண்ணுறதுதான் உங்களுக்குப் பிடிச்ச வேலையாச்சே."

அங்குலம் எண்ண ஆரம்பித்தார். பதினொன்றாவது தாளில் கண் எதேச்சையாகக் கீழே போனது. ஏழாவது கேள்வி. 'இந்த நிலையத்தில் ஆறு பழைய தீயணைப்புச் சிலிண்டர்கள் அந்தக் காலத்து இடங்களிலேயே மாட்டப்பட்டிருக்கின்றன. ஆறையும் தேடிக் கண்டுபிடி. எது வயதில் மூத்தது? (பயப்படாதே, எல்லாமே காலி. தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.)'

இன்னொரு முறை வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு எதுவும் எழுதியிருக்குமோ என்று.

"நீ முன்கூட்டிப் போய்ப் பாத்தியே, அங்க மொத்தம் எத்தனை சிலிண்டர் இருந்துச்சு?"

"போன வாரமா? ஆறு. நான் தேடிக் கண்டுபிடிச்சுட்டேன். படிக்கட்டுக்குக் கீழ இருக்கிறதுதான் மூத்தது. ஏன், உங்களுக்கும் ஒரு தாள் வேணுமா?"

"அந்த ஆறைத் தவிர?"

"அதைத் தவிர ஒண்ணும் இல்லையே." மனைவி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

அவர் சொன்னார். இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தன் வேலையைப் பற்றி ஒரு முழுக் கதை சொன்னார். காட்சிக்கு வைத்த காலிச் சிலிண்டர்களை எண்ணி, நல்ல நிலை என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னார். நாளை காலை நாற்பத்திரண்டு பிள்ளைகள் அந்தக் காகிதத்தை நம்பி உள்ளே போகப்போகிறார்கள்.

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்பவே எங்கண்ணன் சொன்னான். மாப்பிள்ளை உன்னைப் பாக்கல, வாசக்கதவைத்தான் பாத்துட்டுப் போறாருன்னு. அப்படிப்பட்டவர் சரியாப் பாக்காம விட்ட ஒரு நாள், இப்படியா?"

அங்குலம் கேள்வித்தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்து வைத்தார். "அங்க ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாங்க. அஞ்சு மணிக்கே மூடிட்டாங்க."

"இப்ப என்ன செய்யணும்?"

"விதிப்படி சான்றிதழை வாபஸ் வாங்கணும். வாங்கினா இடத்தை மூடணும். மறுபடி பரிசோதனைக்கு வரிசையில நின்னா ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசத்துல பரீட்சை. ஹெட்மிஸ் அப்பவே சொன்னாங்க, இந்த மாதிரி பேர் தெரியாத இடமெல்லாம் வேண்டாம் டீச்சர்னு. இனி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க." தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "யாருக்கும் சொல்லாம விட்டா?"

மனைவியே தலையை ஆட்டினார். "இல்ல. நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. சிலிண்டர் இல்லாத இடத்துக்குள்ள என் பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க விட்டாலும் நான் விட மாட்டேன்."

"நானும் விட மாட்டேன்."

"அப்ப காலையில முதல் ஆளாப் போய் நில்லுங்க. அந்தக்காகிட்ட என்னன்னு கேளுங்க. ஒம்பதரைக்கு எனக்கு ஃபோன் வரணும். வரலேன்னா பஸ்ஸைக் கிளப்ப மாட்டேன். பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் எனக்குத் தெரியல." காகிதங்களை எடுத்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: "கேளுங்கன்னா வாயால. கையால இல்ல."

மறுநாள் எட்டு மணிக்கு அவர் போனபோது டிரைவரக்கா வாசலில் நின்று குழாயில் வாளி பிடித்துக்கொண்டிருந்தார். சுவரோரமாக ஏற்கெனவே பன்னிரண்டு வாளி வரிசையாக இருந்தன. ஆறில் மணல், ஆறில் தண்ணீர். அவரைப் பார்த்ததும் டிரைவரக்கா குழாயை மூடிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அம்மா, உங்க நிஜ சிலிண்டர் எல்லாம் எங்க?"

"இதைத்தான் சார் நேத்து நான் சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க."

"சொல்லலாமா? கை வராதே?"

அங்குலம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நிரப்பக் கொடுத்துப் பன்னெண்டு நாள் ஆச்சு. ஒவ்வொண்ணும் பழசுக்குப் பக்கத்துல ஸ்டாண்டுலதான் நிக்கும். எடுத்துட்டுப் போன ஆள் ஸ்டாண்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டான். வர்ற திங்கக்கிழமைதான் திரும்பக் கிடைக்குமாம். உங்க ஆபீசுக்கு லெட்டர் போட்டேன். ரெண்டு தடவை. நேத்து நீங்க வந்ததும் ஓடி வந்தேன். நீங்க என்ன பண்ணீங்க? பழசு முன்னாடி போய் நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினீங்க. சரி, மனுஷன் ரசிக்கிறார் போலனு நினைச்சேன். கடைசியில பாத்தா நல்ல நிலைன்னு காகிதம் கொடுக்கிறீங்க! எனக்குத் தலை சுத்திப்போச்சு. அது கடைசியா தீயை அணைச்சப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன் சார்."

"முள்ளு பச்சையில நின்னுச்சே?"

"நான்தான் ஒட்டி வச்சேன். சிவப்புல நின்னா பாக்க நல்லாவா இருக்கு?"

அங்குலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"அஞ்சு பத்துக்கு உங்க ஆபீசுக்கு அடிச்சேன். எவனும் எடுக்கல. அப்புறம் என்ன செய்ய? பிள்ளைங்க வருது. சிலிண்டர் வர்றதுக்கு முன்னாடி அந்தக் காலத்து ஆளுங்க இந்த வாளியை வச்சுத்தானே அணைச்சாங்க. அதான் நிரப்பிட்டேன். ஆனா உங்க விதிக்கு இது போதாதுன்னு எனக்கும் தெரியும். ஒம்பது மணிக்கு டீச்சரைக் கூப்பிட்டு வர வேண்டாம்னு சொல்றதாத்தான் இருந்தேன்."

கூடத்தின் பெஞ்சில் அங்குலம் உட்கார்ந்தார். நேற்றைய நான்கு படிவங்களின் நகல் பையில் இருந்தது. எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டார். மேல்மாடியைப் பூட்டிவிட்டால் கீழ்த்தளத்துக்கு நான்கு போதும். படிக்கட்டடிக்குத் தனியாக வேண்டாம், கூடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், விதியில் இடம் இருக்கிறது. நான்கு எங்கே கிடைக்கும்? கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும். பம்ப் நிலையத்தில் கைவைக்க முடியாது, அங்கே எண்ணி இரண்டுதான். கடிகார வீட்டில் இரண்டு மிச்சம். பொத்தானிலும் இரண்டு மிச்சம். நான்கும் நேற்றுத்தான் அவரே அட்டையைத் திருப்பிப் பார்த்தவை.

ஆனால் அதற்கு அவர்களிடம் பேச வேண்டும். உதவி கேட்க வேண்டும். நேற்று அவர்கள் முகத்துக்கு நேரே காட்டிய கை நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் கடிகாரக்காரரைக் கூப்பிட்டார்.

"நேத்து வந்த ஆய்வாளர் பேசுறேன்."

"ஐயையோ, கதவு ஏதும் குறையுதா சார்?"

"கதவு சரியா இருக்கு. குறைஞ்சது நான்தான்." விஷயத்தைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டது.

"மணி இப்ப எட்டு பதினாறு" என்றார் கடிகாரக்காரர். அவர் குரலே மாறியிருந்தது. "எட்டு அம்பத்தி ரெண்டுக்கு அங்க இருப்பேன்."

பொத்தான் மேடம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. "நேத்து என் ரூமுக்கு வந்து ஒரு பொத்தானைக்கூடப் பாக்காமப் போனது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"கதவைப் பாத்தீங்க, சுவரைப் பாத்தீங்க, கூரையைக்கூடப் பாத்தீங்க. பதினாலாயிரம் பொத்தான் சார். ஒண்ணு?"

"தப்புத்தான்மா."

"சரி சரி, ரொம்ப உருகாதீங்க. நாற்பத்திரண்டு பிள்ளைங்கன்னா சொன்னீங்க? சிலிண்டர் கனமாச்சே, நான் ஒண்டியா எப்படித் தூக்க? கல்லூரி வண்டியைக் கேட்டுப் பாக்கிறேன். கிடைக்கலேன்னா நானே எப்படியாவது உருட்டிக்கிட்டு வரேன்."

அடுத்து ஒரு போன் பாக்கியிருந்தது. தலைமை ஆய்வாளர் மேடத்துக்கு. விரல் எண்ணை அமுக்குவதும் எடுப்பதுமாக இருந்தது. டிரைவரக்கா ஒரு டீயைக் கொண்டு வந்து பெஞ்சில் வைத்துவிட்டு வாளிப் பக்கம் போனார். ஆய்வுக்குப் போன இடத்தில் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை என்பது அவர் வழக்கம். அன்று மடக் மடக்கென்று குடித்துவிட்டு எண்ணை அமுக்கினார்.

"மேடம், நேத்து நான் கொடுத்த ஒரு சான்றிதழ் தப்பு."

"யாரு, நீங்களா?" மேடத்துக்கு நம்ப முடியவில்லை. முழுவதையும் கேட்டார். ஒட்டி வைத்த முள் வந்தபோது மட்டும் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு குரல் அலுவலகக் குரலாயிற்று. "அட்டையைத் திருப்பலையா?"

"திருப்பல."

"அந்தம்மா சொல்ல வந்ததைக் கேக்கலையா?"

"கேக்கல."

"அது ரெண்டுக்கும் விளக்கம் எழுதித் தரணும். உங்க கோப்புல ஏறும். அதை என்னால தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன்."

"எழுதித் தரேன் மேடம்."

"அவங்க போட்ட லெட்டர் நம்ம ஆபீஸ்ல எந்த மேசையில தூங்குதுன்னு நான் பாக்கிறேன். இப்ப பழைய சான்றிதழை ரத்துன்னு எழுதி வாங்கிக்கங்க. சிலிண்டர் வந்து நீங்க சரிபார்த்த அப்புறம், மாடி பூட்டி இருக்குன்னு குறிப்புப் போட்டு, இன்னிக்கு தேதியில இருந்து திங்கக்கிழமை வரைக்கும் ஆறு நாளைக்குத் தற்காலிகச் சான்றிதழ். கடன் கொடுக்கிற இடத்துல எண்ணிக்கை குறையக் கூடாது."

"குறையாது மேடம். நேத்தே எண்ணிட்டேன்."

"அதை நல்லா எண்ணியிருப்பீங்க" என்றார் மேடம். போனை வைத்துவிட்டார்.

அங்குலத்துக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி சிலிண்டரோடு வர வேண்டியிருந்தது.

எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கடிகாரக்காரரின் சின்னக் கார் வாசலில் நின்றது. பின்சீட்டில் இரண்டு சிலிண்டரையும் குழந்தைகளைப் போல பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார். பொத்தான் மேடம் வர ஒன்பது இருபதாயிற்று. அதற்குள் அங்குலம் வாசலுக்கும் கூடத்துக்குமாகப் பதினான்கு தடவை நடந்துவிட்டார். கல்லூரி வண்டி கிடைக்காமல், துணி ஏற்றுகிற தள்ளுவண்டியில் வைத்து இரண்டு தெரு தள்ளிக்கொண்டே வந்திருந்தார் அந்த அம்மாள். வேர்த்து விறுவிறுத்து நின்றவர் முதலில் சொன்னது, "இந்தத் தெருவுல இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாதே!"

"எனக்கும் தெரியாது" என்றார் கடிகாரக்காரர்.

"நீங்க யாரு?"

"கடிகார மியூசியம்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"நீங்க?"

"பொத்தான்."

"பொத்தானுக்குக்கூடவா மியூசியம்?"

"கடிகாரத்துக்கு இருக்கும்போது பொத்தானுக்கு என்ன குறைச்சல்? கடிகாரம் நின்னா மனுஷன் பக்கத்துல கேட்டுக்குவான். பொத்தான் அறுந்தா தெருவுல நடக்க முடியுமா?"

டிரைவரக்கா சத்தமாகச் சிரித்தார். அங்குலம் சிரிக்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, நான்கு அட்டையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். தேதி சரி. முள் பச்சையில். விரலால் தட்டிப் பார்த்தார், முள் அசைந்தது. ஒட்டவில்லை. பின் சரி. ஒவ்வொன்றையும் தூக்கிக் கனம் பார்த்தார். அவரும் டிரைவரக்காவுமாக நான்கையும் இடம் பார்த்து வைத்தார்கள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய சான்றிதழை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாழ்க்கையில் முதல் ரத்து. கோணிக்கொண்டு போயிருந்த கோட்டை அடித்துத் திருத்தத் தோன்றியது, விட்டுவிட்டார். தற்காலிகச் சான்றிதழை எழுதிக் கொடுத்தார். ஒன்பது இருபத்தொன்பதுக்கு மனைவிக்குப் போன் போட்டார்.

"வரலாம்."

"நிஜமாவா? ஒட்டி வச்சது இல்லையே?"

"தட்டிப் பாத்துட்டேன்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேரின் இரைச்சல். "ஏறுங்க எல்லாரும்!" என்று மனைவி கத்தியது அவர் காதைக் கிழித்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

பஸ் வருவதற்குள் இன்னொரு யோசனை வந்தது அவருக்கு. பிள்ளைகளுக்குச் சிலிண்டரைத் தொடலாம் என்று கேள்வித்தாள் சொல்கிறது. எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரியவர் அவருக்கே தெரியவில்லையே. நான்கு அட்டை கேட்டு வாங்கி, தன் குண்டு குண்டான கையெழுத்தில் 'இது காட்சிப் பொருள் அல்ல. வேலை செய்யும். தொடாதீர்கள்' என்று எழுதி நான்கின் மேலும் ஒட்டினார்.

அதுதான் வினையாயிற்று. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். டிரைவரக்கா வண்டி மணியை அடித்துக் காட்டினார், எல்லாரையும் ஐந்து ஐந்து பேராக ஏற்றி இறக்கினார், எரிகிற கட்டடத்துக்கு நடுவே பூனை ஒன்றைத் தேடிப் போன கதையைச் சொன்னார். ஆறு பழைய சிலிண்டர்களில் மாடியில் இருந்ததை விட்டு ஐந்தையும் கண்டுபிடித்துத் தடவிப் பார்த்துவிட்டார்கள். பிறகு கூட்டம் மொத்தமும் அந்த நான்கு அட்டைகளின் முன்னால் போய் நின்றுகொண்டது. காட்சிப் பொருள் அல்ல என்று எழுதியிருந்தால் அதில் அப்படி என்னதான் இருக்கும்?

"மிஸ், இது ஏன் தொடக் கூடாது?"

"மிஸ், இது வேலை செய்யும்னா எப்படிச் செய்யும்?"

"இது யாரோடது?"

"அதோ நிக்கிறாங்க பாரு, அந்தக் கடிகாரத் தாத்தாவோடது ரெண்டு, பொத்தான் ஆன்ட்டியோடது ரெண்டு" என்றார் மனைவி.

"தாத்தாவா?" என்றார் கடிகாரக்காரர். அவருக்கு ஐம்பத்தொன்று. ஆனால் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அதை மறந்துவிட்டார். ஒரே முள் உள்ள கடிகாரத்தைப் பற்றி நேற்று யாரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கியதை இன்று நாற்பத்திரண்டு பேரிடம் சொன்னார். பொத்தான் மேடம் ஒரு பெண்ணின் சட்டையைப் பிடித்து, "இது சிப்பி மாதிரி இருக்கும், ஆனா பிளாஸ்டிக். பல்லால தட்டிப் பாரு, சத்தத்துலயே தெரியும்" என்றார். அடுத்த நிமிடம் வகுப்பு முழுக்கத் தங்கள் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அங்குலமும் யாரும் பார்க்காதபோது தன் சட்டைக் கைப் பொத்தானைப் பல்லால் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்தான்.

தீ எதுவும் பிடிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் மணல் வாளியில் காலை விட்டுக்கொண்டது, அவ்வளவுதான். பதினொன்றரைக்கு மனைவி எல்லாத் தலைகளையும் எண்ணினார். நாற்பத்திரண்டு. அங்குலமும் ஓரமாக நின்று எண்ணினார். நாற்பத்திரண்டு. கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டியதும், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்டது.

பஸ் படியில் ஏறிய மனைவி திரும்பினார். "விளக்கம் எழுதணும்ல, எத்தனை பக்கம் வரும்?"

"அரைப்பக்கம் போதும். கேக்கல, திருப்பல. அவ்வளவுதான்."

"உங்களுக்கு அரைப்பக்கமா? நீங்க எங்கம்மாவுக்குப் போடற நலம் விசாரிப்புக் கடிதமே நாலு பக்கம் வருமே!" பஸ் கிளம்பியது. நாற்பத்திரண்டு கைகள் ஜன்னல் வழியாக ஆடின. வழக்கமாக இதையெல்லாம் பார்த்தால் ஜன்னல் கம்பியின் இடைவெளி எத்தனை அங்குலம் என்றுதான் அவருக்கு ஓடும். அன்று திரும்பக் கை அசைத்தார்.

உள்ளே கடிகாரக்காரரும் பொத்தான் மேடமும் யார் இடத்துக்கு யார் முதலில் போவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். டிரைவரக்கா குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்த அங்குலத்துக்குக் கால் கடுத்தது. சிவப்பு வண்டியின் பக்கத்தில் போனார். தன் வாழ்நாளில் தீயணைப்பு வண்டிகளைப் பற்றி எத்தனையோ படிவம் எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட ஏறியதில்லை.

"அக்கா" என்றார். அம்மா எப்போது அக்கா ஆனார் என்று அவருக்கே தெரியாது. "மேல ஏறி உக்காரலாமா?"

"தாராளமா" என்றார் டிரைவரக்கா. "இது காட்சிப் பொருள்தான்."